கம்பி பிடித்த கை

புளூட்டோ ஒரு கோள்தான் என்று பதினான்குக்கு இரண்டு ஓட்டில் முடிவு செய்த பஸ்ஸில் நான் நான்கு வருடம் வேலைக்குப் போய்வந்தேன். எதிர்த்து விழுந்த இரண்டில் ஒன்று மலை மேல் பள்ளியில் பாடம் எடுக்கும் அறிவியல் சாருடையது. இன்னொன்று, கடுக்காய் மூட்டையைக் கீழே விற்றுவிட்டு வெறும் சாக்கோடு மலை ஏறும் ஒரு பெரியவருடையது. அவருக்குப் புளூட்டோவைப் பற்றி ஒன்றும் தெரியாது. "அந்தப் பக்கம் சார் ஒண்டியா நிக்கிறாரு, பாவம்" என்று கை தூக்கினார்.

ஓட்டை நடத்தியவர், எண்ணியவர், முடிவை அறிவித்தவர் எல்லாம் கமிஷனர் அக்கா.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவரிடம் கேட்டிருந்தால் அதையும் ஓட்டுக்கு விட்டிருப்பார். வெள்ளிமலையில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். நாற்பதைத் தாண்டியவர். குள்ளம். கூட்டத்துக்கு நடுவில் நின்றால் ஆள் தெரியாது, குரல் மட்டும் ஓட்டுநர் வரைக்கும் போகும். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி வேலைக்கு அவரைப் போடுவார்கள். அதில் கற்றுக்கொண்டதையெல்லாம் மீதி நாளில் பஸ்ஸில் செய்து பார்த்தார்.

கள்ளக்குறிச்சியில் ஏழே காலுக்குப் புறப்படும் வண்டி அது. கச்சிராயபாளையம் தாண்டும் வரைக்கும் அக்கா வாயைத் திறக்க மாட்டார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாமி கும்பிடுகிற மாதிரி கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். கோமுகி அணையைக் கடந்து வண்டி மலையில் ஏறத் தொடங்கியதும் கண்ணைத் திறந்து, "டவர் போச்சா?" என்பார்.

யாராவது போனைத் தூக்கிப் பார்த்து, "போச்சுக்கா" என்பார்கள்.

அதற்கப்புறம்தான் பேச்சு. "டவர் கீற எடத்துல இன்னா பேச முடியுது? நாம ஒண்ணு சொன்னா, எவனாவது போன நோண்டிக்கினு தப்பு தப்புன்றான். மனுஷன் மனசு வுட்டுப் பேச ஒரு எடம் வேணும்ல."

அணைக்கு மேலே வெள்ளிமலை வரைக்கும் போனில் ஒரு கோடுகூட இருக்காது. எந்தச் சண்டையையும் தேடிப் பார்த்துத் தீர்க்க வழி இல்லை. நிலாவில் மனிதன் இறங்கினது நிஜமா, நரைத்த முடியோடு நடிக்கிற நடிகருக்கு அது சொந்த முடியா, மூன்று முறை கட்சி மாறினவர் நாலாவது முறை எங்கே போவார், எல்லாமே அந்த ஒரு மணி நேரத்துக்குள் கையைத் தூக்கித்தான் முடிவாக வேண்டும். வெள்ளிமலையில் டவர் வந்ததும் எல்லோரும் அவரவர் வேலைக்கு இறங்கிப் போய்விடுவோம். யாரும் திரும்பத் தேடிப் பார்ப்பதில்லை.

நான் பார்ப்பேன். மேலே இ-சேவை மையத்தில் எனக்கு வேலை. வருமானச் சான்றும் சாதிச் சான்றும் தட்டுகிற இடைவெளியில் அன்றைய முடிவு சரியா என்று தேடுவேன். பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். மறுநாள் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். அப்புறம், நான் படித்ததே தப்பாக இருந்தால் என்ற யோசனை வரும். சொல்ல மாட்டேன்.

அறிவியல் சார் அப்படி இல்லை. தோற்கத் தோற்கப் பேசுவார். ஒரு முறை, கதாநாயகன் உதைத்து ஜீப் பறக்கிற காட்சியைப் பற்றிப் பேச்சு வந்தது.

"ஜீப்பு பறந்தா ஒதச்சவரும் பின்னால பறக்கணும்மா. விசைன்னு ஒண்ணு இருந்தா எதிர்விசைன்னு ஒண்ணு இருக்கும். ஏழாங்கிளாஸ் புள்ளைக்குத் தெரியும்" என்றார் சார்.

"அவரு பறக்கலியே சார். நான் ரெண்டு வாட்டி பாத்தேன்."

"அது சினிமாம்மா."

"ஜீப்பு சினிமா இல்லியே. ஜீப்பு ஜீப்புதான? பறக்கும்ன்றவங்க கை தூக்குங்க."

"இது ஓட்டு போட்டு முடிவு பண்ற விஷயமா?"

அக்கா எண்ணுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "நாட்டையே ஓட்டு போட்டுதான் சார் தூக்கிக் குடுக்கிறோம். ஒரு ஜீப்பக் குடுக்கக் கூடாதா?"

ஜீப் பறந்தது. சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பெரியவர் அவர் தோளைத் தொட்டு, "நான் உங்களுக்குத்தான் சாமி போட்டேன்" என்றார்.

தோற்பது சாரின் தப்பு மட்டும் இல்லை. அக்கா எண்ணுகிற முறை அப்படி. முதலில் மல்லாட்டை. வறுத்த வேர்க்கடலையை ஒரு மஞ்சள் பையில் கொண்டுவருவார். ஓட்டுக்கு முன்னால் தன் பக்கம் சாய்கிற மாதிரி தெரிகிறவர்களுக்கு ஒவ்வொரு கை நிறையக் கொடுப்பார். நடத்துநர் ஒரு நாள் கேட்டார்.

"இன்னா கமிஷனரம்மா, ஓட்டுக்குக் குடுக்கிறீங்களா?"

"காசா குடுத்தேன்? மல்லாட்டதான? உனக்கு வேணுமா வேணாமா?"

நடத்துநர் கையை நீட்டினார்.

அடுத்தது தூங்குகிறவர்கள். அவர்களுடைய ஓட்டெல்லாம் தலைவர் கணக்கில், அதாவது அக்கா கணக்கில், சேரும் என்பது அவரே போட்ட சட்டம். "செத்துப் போனவங்க பேருல்லாம் லிஸ்ட்டுல கீது. தூங்கறவங்க இன்னா பாவம் பண்ணாங்க?"

ஆனால் அவர் பெரிதும் நம்பியது கம்பியை. மலை வண்டியில் தினமும் பத்துப் பதினைந்து பேர் நின்றுகொண்டுதான் வருவார்கள். வளைவுக்கு வளைவு ஆட்டம். எல்லோருடைய கையும் தலைக்கு மேலே இருக்கிற கம்பியைப் பிடித்திருக்கும். தன் கட்சிக்கு ஓட்டுக் குறைகிறது என்று தெரிந்தால் அக்கா அந்தக் கைகளையும் எண்ண ஆரம்பித்துவிடுவார்.

ஒரு நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, அது கம்பியப் புடிச்ச கை."

"மேல கீதா இல்லியா?"

"மேலதான் இருக்கு."

"அப்ப ஓட்டு."

அதற்கு மேல் பேசுகிற உரிமை எனக்குக் குறைவு. நான்கு வருடத்தில் நான் எதற்குமே கை தூக்கினதில்லை. ஒருவர் பேசும்போது அவர் சொல்வது சரி என்று தோன்றும். அடுத்தவர் பேசும்போது இதுவும் சரிதானே என்று தோன்றும். நான் முடிவுக்கு வருவதற்குள் எண்ணிக்கை முடிந்துவிடும். அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இன்னா இ-சேவை, கை எழும்பலியா? சர்வர் டவுனா?" என்பார். பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன். இறங்கின பிறகு, சிரித்திருக்க வேண்டுமா என்று யோசிப்பேன்.

இத்தனை ஓட்டு நடத்தினவர் நிஜத் தேர்தலில் ஓட்டுப் போட்டதே இல்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. தேர்தல் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தபால் ஓட்டுப் படிவம் கொடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் வாங்கிப் பத்திரமாகக் கைப்பையில் வைப்பாராம். எண்ணிக்கை எல்லாம் முடிந்து இனிப்புக் கொடுத்த பிறகு, மல்லாட்டைத் தோலுக்கு நடுவிலிருந்து அது வெளியே வருமாம்.

"மறந்துட்டேன்மா. ஊருக்கெல்லாம் மை வச்சிக்கினு இருந்தேனா, என் வெரல மறந்துட்டேன்."

"வீட்டுல யாராவது ஞாபகப்படுத்தலாமே அக்கா?"

"வூட்டுல யாரு? அவரு, ரெண்டு பசங்க. நான் ஒருத்தி. டிவில இன்னா பாக்கணும், கொழம்பு இன்னா வைக்கணும், எல்லாத்துக்கும் அவங்க மூணு, நான் ஒண்ணு. எப்பவும் மைனாரிட்டி. அதான் பஸ்ல வந்து சரி பண்ணிக்கிறேன்."

கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டம் ஆக்கலாமா என்றுகூட அந்த வண்டியில் ஓட்டு நடந்திருக்கிறது. வேண்டும் என்று எல்லாக் கையும் எழும்பியது. பெரியவர் மட்டும், "மாவட்டம் ஆனா, சாயங்காலம் இன்னொரு பஸ்ஸு வுடுவாங்களா?" என்று கேட்டார். அக்கா மஞ்சள் பையின் வாயைச் சுருட்டினார். "அது அடுத்த தீர்மானம்" என்றார்.

என் பையனைப் பற்றி அந்த பஸ்ஸில் நான் வாய் திறந்ததில்லை.

அவனுக்கு அப்போது இரண்டு வயது ஏழு மாதம். ஒரு சொல் பேசவில்லை. சிரிப்பான், ஓடுவான், வேண்டியதற்கு என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவான். அம்மா என்று சொல்ல மாட்டான். மாமியார் கவலைப்படவில்லை. "அவன் அப்பனும் நாலு வயசு வரைக்கும் ஊமையாட்டம்தான் இருந்தான். இப்ப பேசல?" என்பார். என் கணவர் நவீன அரிசி ஆலையில் மேற்பார்வையாளர். இப்போதும் ஒரு நாளைக்கு ஏழெட்டு வாக்கியம்தான் பேசுவார். அவரிடம் கேட்டால், "பேசுவான்" என்பார். அன்றைய கணக்கில் ஒரு வாக்கியம் தீரும்.

காது கேட்கிறதா என்ற சந்தேகமும் எனக்கு வந்தது. மாமியாரிடம் சொன்னதும் ஒரு தட்டைத் தூக்கித் தரையில் போட்டார். பையன் திரும்பினான். "போதுமா?" என்றார். போதாதென்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மையத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து தேடுவேன். ஏன் பேசவில்லை என்பதற்குப் பக்கம் பக்கமாகக் காரணம் வரும். அம்மா அதிகம் பேசாதது ஒரு காரணம். அதற்கு நான்கு வரி கீழே, அம்மா அதிகம் பேசுவது ஒரு காரணம். நான் இரண்டுமாக இருந்திருக்கிறேன். சாயங்காலம் போய் வாய் ஓயாமல் பேசுவேன். மறுநாள் பயந்துகொண்டு பேசாமல் இருப்பேன். டாக்டரிடம் காட்டலாம் என்று நினைப்பேன். வீட்டில் இரண்டு பேர் வேண்டாம் என்கிறார்களே, நான்தான் படித்துப் படித்துப் பயப்படுகிறேனோ என்று விட்டுவிடுவேன்.

பஸ்ஸில் சொன்னால் அக்கா அதையும் ஓட்டுக்கு விடுவார். என் பிள்ளை பேசுவானா மாட்டானா என்று முப்பது பேர் கை தூக்குவதைப் பார்க்க என்னால் முடியாது. அதனால் யார் கேட்டாலும், "நல்லாருக்கான்" என்பேன்.

ஒரு நாள் மாமியார் எலவனாசூர்கோட்டையில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டார். எனக்கு விடுப்பு இல்லை. பையனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அன்றைய தீர்மானம், வேற்றுக் கிரகத்து ஆட்கள் இருந்தால் கல்வராயன் மலைக்கு வருவார்களா என்பது. பிரபஞ்சம் பெரியது, எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம் என்றார் சார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"ரோடு போட்ட ஊருக்கே ஆபீசருங்க வர மாட்டறாங்க. அவங்க எப்படி சார் வருவாங்க? வர மாட்டாங்கன்றவங்க கை தூக்குங்க."

முன்னாலும் பக்கத்திலும் கைகள் எழும்பின. பையன் என் மடியில் நின்று சுற்றிப் பார்த்தான். இரண்டு கையையும் தூக்கினான்.

"பாரேன், கள்ள ஓட்டு போட இந்த வயசுலயே கத்துக்கினான்" என்றார் அக்கா. பஸ் சிரித்தது. பையனும் சிரித்தான். "சரி, வருவாங்கன்றவங்க?" சாரும் பெரியவரும் தூக்கினார்கள். பையன் அதற்கும் இரண்டு கையைத் தூக்கினான். "ரெண்டு கட்சிக்கும் போடறான். கவலப்படாத இ-சேவை, நல்லா பொழச்சிக்குவான்."

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அக்காவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. முன்னால் நின்று சொன்னார், தூக்கினான். பக்கத்தில் நின்று சொன்னார், தூக்கினான். எனக்குப் பின்னால் போய், "கை தூக்கு ராஜா" என்றார். பையன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு முறை சொன்னார். பார்த்துக்கொண்டேயிருந்தான். அக்கா முன்னால் வந்து ஒன்றும் சொல்லாமல் தன் கையை மட்டும் தூக்கினார். உடனே இரண்டு கையையும் தூக்கினான்.

அதற்கப்புறம் இரண்டு வளைவு வரைக்கும் அக்கா பேசவில்லை. டவர் இல்லாத இடத்தில் அவர் பேசாமல் வந்தது அன்றைக்குத்தான்.

பழைய வண்டி. பாதி மலையில் ஓர் ஊற்றுப் பக்கம் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கேனோடு இறங்கினார். வண்டிக்குள் ஊற்றுத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி. நான் எழுந்து பையனை என் இடத்தில் உட்கார வைத்துவிட்டு இடுப்பை நிமிர்த்தினேன். அக்கா அவன் பின் இருக்கைக்குப் போனார். சாதாரணமாகப் பேசுகிற குரலில், "மல்லாட்ட வேணுமா?" என்றார்.

எதிர் வரிசையில் அம்மா மடியில் இருந்த இரண்டு வயசுப் பெண் குழந்தை திரும்பிக் கையை நீட்டியது. என் பையன் திரும்பவில்லை.

"மல்லாட்ட வேணுமா ராஜா?"

"அவன் கொரங்கு பாக்கறான் அக்கா" என்றேன். சாலை ஓரச் சுவரில் குரங்குகள் இருந்தன.

அக்கா மெதுவாகச் சொன்னார். "கொரங்கு அப்பவே போயிடுச்சும்மா."

நான் பார்த்தேன். சுவர் காலியாக இருந்தது.

நடத்துநருக்கு என் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை போல. பையனுக்குப் பின்னால் வந்து விசிலை எடுத்து ஊதினார். பையன் சட்டென்று திரும்பிச் சிரித்தான். "தோ, காது நல்லா கேக்குது" என்றார் நடத்துநர். பஸ் முழுக்க மூச்சு விட்டது. கீழே இருந்து ஓட்டுநரின் குரல் வந்தது. "இன்னும் தண்ணியே ஊத்தலய்யா, யாரு விசிலு?"

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடிய வேண்டும் என்றும் நினைத்தேன்.

"விசில் வேற, பேச்சு வேற" என்றார் அறிவியல் சார். "பெரிய சத்தம் கேக்கும். சின்னது கேக்காது. அப்படியும் ஒரு கொறை உண்டு."

"இன்னா சார் நீங்க, புள்ளத்தாச்சியாட்டம் பயந்துக்கினு இருக்கிற பொண்ண மேல பயமுறுத்திக்கினு" என்றார் எதிர் வரிசை அம்மா. "என் தம்பி மவன் அஞ்சு வயசுலதான் பேசுனான். இப்ப மைக் செட்டு வச்சிக்கினு கீறான்."

ஆளுக்கொரு தம்பி மகன் இருந்தான். ஒருவன் தேன் தடவியதும் பேசினானாம். ஒருவன் தங்கச்சி பிறந்ததும் பேசினானாம். ஓட்டுநர் ஏறி வண்டியை எடுத்தார். நான் பையன் பக்கத்தில் நின்றபடியே கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நடத்துநர்தான் கேட்டார்.

"இன்னா கமிஷனரம்மா, ஓட்டு வுடலியா?"

அக்கா என்னைப் பார்த்தார். "வுடட்டுமா?" என்றார். அவர் யாரிடமும் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன். காது நன்றாகக் கேட்கிறது என்றுதான் ஓட்டு விழும் என்று எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இத்தனை பேர் சொல்லிவிட்டார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்ளலாம். தேடுவதை நிறுத்திவிடலாம்.

"காது நல்லா கேக்குது, டாக்டர்லாம் வேணாம்ன்றவங்க."

கைகள் எழும்பின. அக்கா ஒவ்வொன்றாக, கள்ளத்தனம் இல்லாமல் எண்ணினார். பதினேழு.

"டாக்டராண்ட காட்டணும்ன்றவங்க."

சார் தூக்கினார். பெரியவர் வண்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் ஆளு கம்மி" என்று தூக்கினார். விசில் ஊதின நடத்துநரே தயங்கித் தயங்கித் தூக்கினார். அக்கா. நான்கு.

எனக்கு நெஞ்சு லேசானது. அக்கா நிறுத்தவில்லை. இருக்கைகளைத் தாண்டி, நிற்கிறவர்கள் பக்கம் திரும்பினார். கம்பியைப் பிடித்த கைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தார்.

"அஞ்சு. ஆறு. ஏழு."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர், "நான் அப்பவே இந்தக் கையில அந்தப் பக்கம்..." என்று ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் காலை மிதித்தார். அவர் நிறுத்திக்கொண்டார். அக்கா பின்படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். "பதினஞ்சு. பதினாறு. பதினேழு."

என் முன்னால் வந்து நின்றார். என் கையும் கம்பியில்தான் இருந்தது. மீதி இருந்தது அது ஒன்றுதான்.

"பதினேழுக்குப் பதினேழு" என்றார். "உன்னுது மேல கீது. ஆனா இத நான் எண்ண மாட்டேன் இ-சேவை. இது மட்டும் நீயா தூக்கணும்."

"எனக்குத் தெரியலக்கா."

"தெரியலன்னாதான காட்டணும்?"

அவ்வளவுதான் சொன்னார். திரும்பத் திரும்ப அதை யோசித்திருக்கிறேன். நான் தேடிப் படித்த பக்கங்கள் எதிலும் இப்படி எழுதியிருக்கவில்லை.

கம்பியை விட்டேன். கையை அப்படியே மேலே வைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து வளைவு வந்தது. தூக்கின கையோடு அறிவியல் சார் மடியில் போய் விழுந்தேன். அவருடைய சாப்பாட்டுப் பை சாய்ந்து, ரசம் அவர் வேட்டியெல்லாம் ஓடியது. பையன் எழுந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தபடி இரண்டு கையையும் தூக்கினான்.

"பதினெட்டு. டாக்டரு ஜெயிச்சாரு" என்று அறிவித்தார் அக்கா. "சின்னப் பையன் ஓட்டு செல்லாது."

வீட்டில் போய், பஸ்ஸில் ஓட்டெடுத்தார்கள், பதினெட்டுக்குப் பதினேழு, காட்டித்தான் ஆக வேண்டும் என்றேன். நானாகச் சொன்னால் எடுபடாது என்று தெரியும். கள்ள ஓட்டைப் பற்றிச் சொல்லவில்லை. மாமியார், "எதிர்த்துப் போட்ட பதினேழு பேரு யாரு?" என்றார். கணவர் கேட்டது ஒன்றுதான். "எப்ப போலாம்?"

கள்ளக்குறிச்சியில் காது மருத்துவரிடம் காட்டினோம். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறது, அவனுக்கு எல்லாம் தண்ணீருக்குள் இருந்து கேட்கிற மாதிரிதான் கேட்டிருக்கும் என்றார். சேலத்துக்கு அனுப்பினார். அங்கே சின்ன அறுவை சிகிச்சை. பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். நான் அதற்கும் சேர்த்துப் பயந்தேன். வீடு வந்த மறுநாள் குக்கர் விசில் அடித்தபோது இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். நானும் மாமியாரும் அடுப்பை அணைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றோம். அன்றைக்குப் பருப்பு கரைந்து போனது.

நான்கைந்து மாதத்தில் பேச ஆரம்பித்தான். அதற்கப்புறம் இன்றுவரை நிறுத்தவில்லை. "நான்தான் மொதல்லயே சொன்னேன், பேசுவான்னு" என்கிறார் மாமியார்.

ஒரு நாள் அவனை மறுபடியும் பஸ்ஸில் கூட்டிப் போனேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் பின் இருக்கைக்குப் போனார். மற்றவர்களும் பேச்சை நிறுத்தினார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "மல்லாட்ட வேணுமா?" என்றார். பையன் திரும்பி, "உப்பு போட்டதா?" என்று கேட்டான். அக்கா உடனே கைப்பைக்குள் குனிந்து எதையோ தேடினார். வெகுநேரம் தேடினார். அன்றைக்கு ஓட்டு நடக்கவில்லை.

அடுத்த வருடம் அவருக்கு மாறுதல் வந்தது. நான் இரண்டாவது பிரசவத்தோடு வேலையை விட்டேன். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபோது எங்கிருந்தோ போன் செய்தார். "பாத்தியா இ-சேவை, நாம போட்ட ஓட்டு வீண் போவல. பெரியவரு கேட்ட பஸ்ஸு வந்துச்சா?" வரவில்லை என்றேன். "அது அடுத்த தீர்மானம்" என்றார்.

பையன் காதுக்காக நடந்தது நியாயமான தேர்தல்தானா என்று இப்போதும் சில சமயம் யோசிக்கிறேன். முறைப்படி எண்ணியிருந்தால் பதினேழுக்கு நான்கு. என்னையும் சேர்த்தால் ஐந்து.

பெண்ணுக்கு இப்போது ஒன்றரை வயது. தாத்தா, பூனை, வேணாம் என்று பத்துப் பதினைந்து சொல் பேசுகிறாள். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புகிறாள். இருந்தாலும் எதற்கும் காது மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடலாம் என்று போன வாரம் சொன்னேன். தேவையில்லை என்றார் மாமியார். பையன், "அவளுக்கு நல்லாத்தான் கேக்குது, நான் சாக்லெட் காகிதம் பிரிச்சா அடுத்த ரூம்லேர்ந்து வர்றா" என்றான். இரண்டு ஓட்டு அந்தப் பக்கம். நான் கையைத் தூக்கினேன். ஒன்று. பெண் என்னைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினாள். அக்கா சட்டப்படி அது செல்லாது.

கணவர் நாற்காலி மேல் ஏறி ட்யூப் லைட் மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் மேலே இருந்தன.

"ரெண்டு, மூணு" என்று எண்ணினேன்.

"நான் லைட்ட புடிச்சிக்கினு இருக்கேன்" என்றார்.

"மேல இருக்கா இல்லியா?"

அவர் தன் கைகளை அண்ணாந்து பார்த்தார். அன்றைய வாக்கியங்கள் தீர்ந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை போகிறோம்.